தலைப்பிலிருந்து நீக்கிய ஒரு சொல்

ஒரு ஊக்கியைப் பற்றிய மாநாட்டு ஆய்வுச் சுருக்கத்தின் தலைப்பிலிருந்து, உலோகம் ஒவ்வோர் அணுவாகத் தனித்து நிற்கிறது என்று பொருள்படும் ‘தனியணு’ என்ற சொல்லை எடுத்துவிட்டு ‘நுண்ணிதாகப் பரம்பிய’ என்று மாற்றும்படி நான் சொன்னபோது அந்த மாணவி வாதாடவில்லை. “அப்ப அவங்க படத்த மட்டும் எப்படி சேர் நம்புறீங்க?” என்று, தனியணு ஊக்கியை அறிவித்த சீனக் குழுவைச் சுட்டி ஒரேயொரு கேள்வி கேட்டார். நான் பதில் சொன்னேன். கடைசி அட்டன் பஸ்ஸைப் பிடிக்க வேண்டுமென்று எழுந்து போனார். என் பதிலில் பிழை இருந்ததாக இன்றும் நினைக்கவில்லை. அவர் கேட்டதற்கு அது பதில்தானா என்பதில்தான் நிச்சயமில்லை.

படம் மேசையில் கிடந்தது. புல்மோட்டை இல்மனைற்று மணலிலிருந்து அவரே பிரித்தெடுத்த தைத்தேனியம் ஈரொட்சைட்டின் மேல் மிகச் சிறிதளவு பிளாற்றினம். அடைமழையில் மின்சாரம் நின்று நின்று, உலையை மூன்று தடவை மீண்டும் சூடாக்கிச் செய்த தூள் அது. தெரிந்தவர் ஒருவர் மூலம் வெளிநாட்டுக்கு அனுப்பி, நான்கு மாதம் காத்திருந்து பெற்ற இலத்திரன் நுணுக்குக்காட்டிப் படம். அதில் அணுவெண் கூடிய மூலகம் கூடுதலாக ஒளிரும். தைத்தேனியத்துக்கு 22, பிளாற்றினத்துக்கு 78. சாம்பல் நிற வரிசைகளின் மேல் வெள்ளைப் புள்ளிகள் ஒன்றையொன்று தொடாமல் நின்றன. ஒவ்வொன்றையும் சிவப்புப் பேனாவால் வட்டமிட்டு, ஓரத்தில் 31 என்று எழுதியிருந்தார்.

நான் சொன்னது இதுதான்: சில நனோமீற்றர் அகலமுள்ள ஓரிடத்தைப் பார்த்துத் தூள் முழுவதற்கும் பெயர் வைக்க முடியாது, படத்துக்கு வெளியே பத்து அணுக்கள் கூடிய திரள்கள் இருந்து, தாக்கம் முழுவதையும் அவையே நடத்தியிருக்கலாம். 2011இல் சீனாவின் டாலியன் குழுவினர் இரும்பொட்சைட்டின் மேல் தனித்த பிளாற்றின அணுக்கள் காபனோரொட்சைட்டை ஒட்சியேற்றுவதாக அறிவித்தபோது படத்தை மட்டும் காட்டவில்லை. எக்ஸ் கதிர் உறிஞ்சலில் பிளாற்றினத்துக்குப் பக்கத்தில் இன்னொரு பிளாற்றினம் இல்லை என்று காட்டினார்கள். ஒட்டிய காபனோரொட்சைட்டின் செந்நிறக்கீழ் நிறமாலையையும் காட்டினார்கள். தனியணுவில் அந்த வாயுவின் அளவு கூடினாலும் உறிஞ்சற்பட்டி இடம் மாறாது. பல அணுக்கள் திரண்ட துணிக்கையில் அயல் மூலக்கூறுகளின் இடைத்தாக்கத்தால் நகரும். எங்களிடம் இவை இரண்டுமே இல்லை.

இல்லாமல் இருந்தது அவருடைய குற்றமா? இரவில் இந்த இடத்தில்தான் சிக்கிக்கொள்கிறேன். கருவி உள்ளவர்களும் ஒத்துப்போகவில்லை. 2015இல் வெளிவந்த ஓர் அமெரிக்க ஆய்வில், தனியணுக்கள் காபனோரொட்சைட்டைப் பிடித்துக்கொண்டு சும்மா இருக்க, துணிக்கைகளே வேலை செய்தன. ஆகவே என் எச்சரிக்கை நியாயமானதுதான் என்று தேறிக்கொள்கிறேன். ஆனால் அப்படிச் சந்தேகப்படவும் ஒரு சொல் முதலில் தலைப்பில் இருக்க வேண்டுமே என்ற எண்ணம் உடனே எழுகிறது. மாற்றிய தலைப்போடு போன சுருக்கத்துக்குப் போஸ்டர் வரிசையில் ஓரிடம் கிடைத்தது. பேசும் வாய்ப்புக் கிடைக்கவில்லை.

அந்தச் சொல்லே எவ்வளவு சொல்லிவிடும் என்பதும் இப்போது எனக்குச் சந்தேகம். ஒட்சைட்டை வெறும் தாங்கி என்றுதான் நாங்கள் கற்றோம். உண்மையில் அணுவைச் சுற்றியுள்ள ஒட்சிசன்கள்தான் அதன் மின்னேற்றத்தையும், அது காபனோரொட்சைட்டை எவ்வளவு இறுக்கிப் பிடிக்கும் என்பதையும் தீர்மானிக்கின்றன. பல ஒட்சைட்டுகளில் பக்கத்து ஒட்சிசனே காபனோரொட்சைட்டோடு சேர்ந்து காபனீரொட்சைட்டாக வெளியேறுகிறது. அது விட்டுப்போன இடத்தைக் காற்றின் ஒட்சிசன் வந்து நிரப்புகிறது. வியன்னாவில் மக்னற்றைற்று என்ற இரும்பொட்சைட்டின் பரப்பில் ஆராய்பவர்கள், இத்தகைய அணுவை, சுற்றிலும் வேறு மூலக்கூறுகள் பிணைந்த சிக்கல் சேர்வையின் மைய உலோகத்தோடு ஒப்பிடுகிறார்கள். அப்படியானால் ஒட்சைட்டுப் பரப்பின் படியோரத்தில் நிற்கும் அணுவும் சமதளத்தில் நிற்கும் அணுவும் ஒரே ஊக்கி அல்ல. 31 வட்டங்களுக்குள் எத்தனை வகை இருந்தன என்று நான் கேட்டிருக்க வேண்டும். நானோ தலைப்பைப் பிடித்துக்கொண்டிருந்தேன்.

சென்ற மாதம் அந்தப் படத்தை மீண்டும் எடுத்துப் பார்த்தேன். கீழ்மூலையில், தாக்கத்துக்கு முன் எடுத்தது என்று அவர் பென்சிலால் குறித்திருக்கிறார். அதன் பிறகு அந்தத் தூள் 200 பாகை செல்சியசில் ஆறு மணித்தியாலம் வாயுவோட்டத்தில் இருந்தது. அந்த வெப்பத்தில் அணுக்கள் நகர்ந்து திரண்டிருக்கலாம், திரளாமலும் இருந்திருக்கலாம். தாக்கத்துக்குப் பிந்திய தூளை அனுப்பிப் பார்ப்போம் என்று அன்று நானும் சொல்லவில்லை, அவரும் கேட்கவில்லை.