எடைக் குறைப்பு அறுவைக்கு முன் மனநல மதிப்பீடு: எனக்கு நான்கு மாதம் போன கதை

இரைப்பை பைபாஸ் செய்துகொண்டு இன்றோடு 9 வாரம் ஆகிறது. நியாயமாக இது ஆறு மாதக் கணக்காக இருந்திருக்க வேண்டும். நடுவில் நான்கு மாதம் போனதற்கு இரண்டு காரணங்கள். ஒன்று, நான் சொன்ன பொய். இன்னொன்று, மருத்துவமனை அலுவலகத்தில் ஒருவர் என் ஃபைலைப் பார்த்துத் தவறாகப் பதிந்த ஒரே ஒரு வார்த்தை. இரண்டாவதை நினைத்தால் இப்போதும் வயிறு எரிகிறது. முதலாவதை நினைத்தால் வேறு மாதிரி இருக்கிறது. அதனால் அதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

ரத்தப் பரிசோதனை, எண்டோஸ்கோப்பி, தூக்கப் பரிசோதனை, இதய மருத்துவர், டயட்டீஷியன் எல்லாம் இரண்டே வாரத்தில் முடிந்துவிட்டன. பாக்கி இருந்தது சைக்காலஜிஸ்ட் மட்டும். "அது சும்மா ஒரு ஃபார்ம்தான், அரை மணி நேரத்துல முடிஞ்சிடும்" என்று ரிசப்ஷனில் சொன்னார்கள். அதை நம்பி, வேலையில் இரண்டு மணி நேரம் அனுமதி வாங்கிக்கொண்டு போனேன்.

போனால் ஒரு கட்டுத் தாள். மனச்சோர்வுக்கு பி.ஹெச்.கியூ-9, பதற்றத்துக்கு ஜி.ஏ.டி-7, கட்டுப்பாடில்லாமல் சாப்பிடுவது பற்றி 16 கேள்விகள், மதுப் பழக்கம் பற்றி 10 கேள்விகள். அப்புறம் 338 வாக்கியங்கள் கொண்ட ஒரு புத்தகம். ஒவ்வொரு வாக்கியத்துக்கும் சரி, தவறு என்று குறிக்க வேண்டும். எம்.எம்.பி.ஐ. என்ற பழைய ஆளுமைச் சோதனையின் சுருக்கிய வடிவமாம் அது. இதெல்லாம் முடிந்த பிறகுதான் நேர்காணல். எல்லா மருத்துவமனையிலும் இத்தனையும் தருவதில்லை. ஆனாலும் அரை நாளை ஒதுக்கிவிட்டுப் போங்கள். நான் கடைசி நூறு வாக்கியங்களை மணி பார்த்துக்கொண்டே குறித்தேன்.

இனி அந்தப் பொய். எனக்கு முன்பே அறுவை செய்துகொண்ட ஒருவர், "எல்லாத்துக்கும் இல்லைன்னு போட்டுடு. பிரச்சினை இருக்குன்னு தெரிஞ்சா ரிஜெக்ட் பண்ணிடுவாங்க" என்று சொல்லியிருந்தார். அப்படியே செய்தேன். மனச்சோர்வுத் தாளில் ஒன்பது கேள்விக்கும் 'ஒருபோதும் இல்லை'. சாப்பாட்டுத் தாளில் இருப்பதிலேயே லேசான வரிகளாகப் பார்த்துக் குறித்தேன். மருந்து எடுக்கிறீர்களா என்ற இடத்தில் சர்க்கரை மாத்திரையை மட்டும் எழுதினேன்.

ஆனால் என் முழு மருந்துப் பட்டியல் அறுவை மருத்துவரின் ஃபைலில் இருந்தது. அந்த ஃபைல் சைக்காலஜிஸ்டின் மேசையில் இருந்தது.

"மனச்சோர்வுக்கு மூணு வருஷமா வென்லஃபாக்சின் எடுக்கறீங்க. ஆனா இந்த ரெண்டு வாரத்துல ஒருநாள்கூடத் தூக்கம் கெடல, சோர்வு வரலன்னு போட்டிருக்கீங்க. நிஜமாவே அப்படி இருந்தா சந்தோஷம்தான்" என்றார். நான் தலையாட்டினேன். அவர் குரலை உயர்த்தவே இல்லை. அந்த நீளமான சோதனையில், தன்னை ரொம்ப நல்லபடியாகக் காட்டிக்கொள்கிறவர்களைக் கண்டுபிடிக்கத் தனி அளவுகோலே இருக்கிறது என்றும், என் மதிப்பெண் அதில் மிக உயரத்தில் இருக்கிறது என்றும் சொன்னார். "இந்தப் பதில்களை வச்சு என்னால எதையும் எழுத முடியாது. மனநல மருத்துவர்கிட்ட ஒரு கடிதம் வாங்கிட்டு வாங்க. வீட்டுல இருந்து ஒருத்தரைக் கூட்டிட்டு வாங்க. மறுபடி உட்காருவோம்."

போகப்போகிறவர்கள் இதை நம்புங்கள். இது பாஸ், ஃபெயில் போடுகிற தேர்வு இல்லை. பி.ஹெச்.கியூ-9-இல் மதிப்பெண் 10-க்கு மேல் வந்தால் உங்களைத் துரத்திவிட மாட்டார்கள், கூடுதலாக நாலு கேள்வி கேட்பார்கள். பெரும்பாலானவர்களுக்கு அனுமதி கிடைத்துவிடுகிறது. மனச்சோர்வுக்கு மாத்திரை எடுப்பதே ஒரு தடை இல்லை. சிகிச்சை இல்லாமல் கடுமையாக இருக்கும் மனச்சோர்வு, சமீபத்தில் நடந்த தற்கொலை முயற்சி, கட்டுக்குள் வராத மனநோய், இப்போதும் தொடரும் குடி அல்லது போதைப் பழக்கம், சாப்பிட்டதை வேண்டுமென்றே வாந்தி எடுப்பது, இந்த மாதிரி விஷயங்கள்தான் தேதியைத் தள்ளிப்போடும். அதுவும் பெரும்பாலும் தள்ளிப்போடுவதுதான், மறுப்பு இல்லை.

இரண்டு வாரம் கழித்து, கையில் கடிதம், கூடவே அக்கா. ஒன்றரை மணி நேரப் பயணம். கவுண்டரில் இருந்தவர் கடிதத்தைப் பிரித்துக்கூடப் பார்க்காமல், "மேடம் இன்னைக்கு லீவ், அடுத்த வாரம் வாங்க" என்றார். எனக்கு ஏன் போன் செய்யவில்லை என்று கேட்டதற்கு, "லிஸ்ட்டுல உங்க நம்பர் இல்ல" என்றார். என் நம்பர் ஃபைலின் அட்டையிலேயே பெரிதாக எழுதியிருந்தது. விரலை வைத்துக் காட்டினேன். அடுத்த டோக்கனைக் கூப்பிட்டுவிட்டார்.

அந்த நாள் வீணான பிறகு ஒரு நல்லது நடந்தது. திரும்பும் வழியில் அக்கா கடிதத்தை வாங்கிப் படித்துவிட்டு, "இதுல என்ன இருக்கு? உனக்கு வைத்தியம் பார்க்கறேன்னு மட்டும்தானே இருக்கு" என்றாள். உண்மைதான், மொத்தமே இரண்டு வரி. மறுநாளே மனநல மருத்துவரிடம் போய் முழுதாக எழுதி வாங்கினேன். உங்கள் கடிதத்தில் இவை இருக்கிறதா என்று அங்கேயே உட்கார்ந்து படித்துப் பாருங்கள்: என்ன நோய், எப்போதிலிருந்து, எந்த மருந்து, எந்த அளவு, அளவைக் கடைசியாக மாற்றியது எப்போது, மருத்துவமனையில் சேர்த்த வரலாறு உண்டா, தன்னைத் தானே காயப்படுத்திக்கொண்டது உண்டா, இந்த அறுவைக்கு அவருக்கு ஆட்சேபணை உண்டா, அறுவைக்குப் பிறகும் தொடர்ந்து பார்ப்பாரா. இதில் ஒன்று விட்டுப்போனாலும் இன்னொரு நடை உறுதி.

அடுத்த வாரம் நடந்த இரண்டாவது நேர்காணலில்தான் எனக்கு எல்லாம் மாறியது. இந்த முறை தாள் எதுவும் இல்லை. என் வேலை, தூக்கம், சின்ன வயதில் எடையைப் பற்றி யார் என்ன சொன்னார்கள், எத்தனை முறை டயட் இருந்தேன் என்று சாதாரணமாகப் பேசிக்கொண்டே வந்தவர், நடுவில் கேட்டார்: "ராத்திரி சாப்பிடும்போது லைட் போடுவீங்களா?"

ராத்திரி சாப்பிடுவேன் என்று நான் அவரிடம் சொல்லவே இல்லை.

போட மாட்டேன். ஃப்ரிட்ஜ் கதவைப் பாதி திறந்து வைத்து, அந்த வெளிச்சத்தில் நின்றபடியே சாப்பிடுவேன். டப்பா மூடி சத்தம் போடாமல் திறக்க, ஒரு மூலையை மட்டும் கட்டைவிரலால் மெல்ல நெம்புவேன். முடிந்ததும் டப்பாவைக் கழுவித் துடைத்து, இருந்த இடத்திலேயே கவிழ்த்து வைப்பேன். பல வருடங்களாக இது யாருக்கும் தெரியாது என்று நினைத்திருந்தேன். அன்று அவரிடம் அத்தனையும் சொன்னேன். அழுகை வந்தது. அவர் காத்திருந்தார். அப்புறம் நிதானமாக, வாரத்தில் எத்தனை இரவு, எவ்வளவு நேரத்தில் எவ்வளவு, நிறுத்த நினைத்தும் முடியாமல் போகிறதா, பகலில் ஒழுங்காகச் சாப்பிடுகிறேனா என்று ஒவ்வொன்றாகக் கேட்டு எழுதிக்கொண்டார்.

இரண்டு மணி நேரத்துக்குள் மற்றவர்கள் சாப்பிடுவதைவிட மிக அதிகமாகச் சாப்பிடுவது, அப்போது நிறுத்த முடியவில்லை என்ற உணர்வு, இது சராசரியாக வாரம் ஒரு முறையாவது மூன்று மாதத்துக்கு நீடிப்பது. 2013-இல் வந்த, மனநோய்களை வகைப்படுத்தும் டி.எஸ்.எம்-5 கையேட்டில் இதை 'பிஞ்ச் ஈட்டிங்' என்ற ஒரு தனி நோயாகவே சேர்த்திருக்கிறார்கள் என்றார். எனக்கு வாரம் நான்கு இரவு. இத்தனை காலம் நான் அதற்கு வைத்திருந்த பெயர் 'திமிர்'.

அக்காவிடம் தனியாகப் பத்து நிமிடம் பேசினார். வெளியே வந்ததும் அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டு, "கழுவி வச்ச டப்பாவை நான் பார்த்திருக்கேன்டி. கேட்டா நீ சங்கடப்படுவியேன்னுதான் கேக்கல" என்றாள்.

முடிவு: மூன்று மாதம் தள்ளிவைப்பு. படிக்கட்டில் உட்கார்ந்து அழுதேன். உண்மையைச் சொன்னதற்கு இதுதான் பலனா என்று கோபம் வந்தது. அன்று மாலை அவர் விளக்கியதை இப்போது சொன்னால் எளிதாகத் தெரியும். அறுவை இரைப்பையைச் சின்னதாக்கும், கட்டுப்பாடு இழக்கிற அந்த நேரத்தை அது தொடாது. ஒரே மூச்சில் அதிகம் சாப்பிட முடியாதபோது, நாள் முழுக்கக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொறிப்பதாக அது மாறும். பின்னால் எடை திரும்புவதற்கு அது ஒரு முக்கியமான காரணம்.

அந்த மூன்று மாதத்தில் செய்த வேலை பெரிய வித்தை எதுவும் இல்லை. வாரம் ஒரு முறை சி.பி.டி. (எண்ணத்தையும் பழக்கத்தையும் மாற்றும் பேச்சு சிகிச்சை) அமர்வு, தினமும் ஒரு நோட்டு. எத்தனை மணிக்குச் சாப்பிட்டேன், பசி 10-க்கு எவ்வளவு, அதற்கு முன் என்ன நடந்தது. முதல் 14 நாளில் ஐந்து இரவு. நோட்டைப் புரட்டிப் பார்த்தால், அந்த ஐந்து நாளும் மதியம் நான் சாப்பிடவே இல்லை. டயட் என்று நினைத்து நான் பட்டினி கிடந்த நாட்களே ராத்திரியில் என்னைப் பிடித்திருக்கின்றன. மூன்று, நான்கு மணி நேரத்துக்கு ஒரு முறை கட்டாயம் சாப்பிட வேண்டும் என்றார். இன்னொரு விதியும் கொடுத்தார். ராத்திரி சாப்பிட்டே ஆக வேண்டும் என்று தோன்றினால் சாப்பிடலாம். ஆனால் லைட்டைப் போட்டு, தட்டில் வைத்து, உட்கார்ந்து. முதல் தடவை லைட்டைப் போட்டபோது கை நடுங்கியது. தட்டை எடுத்து வைத்துவிட்டு, பாதிகூடச் சாப்பிடாமல் எழுந்து போய்ப் படுத்தேன். மூன்றாவது மாதத்தில் ஒரே ஒரு இரவு.

பிற்பாடு செய்ய வேண்டியதையும் அப்போதே பழக்கினார்கள். ஒரு வேளைச் சாப்பாட்டுக்கு 20 முதல் 30 நிமிடம். சாப்பாட்டோடு தண்ணீர் கிடையாது, முடித்து அரை மணி கழித்துத்தான். அறுவைக்குப் பிறகு பழகிக்கொள்ளலாம் என்று விட்டுவிடாதீர்கள்.

மாத்திரை விஷயம் ரொம்ப முக்கியம். என்னுடையது மெதுவாகக் கரையும் கேப்சூல். பைபாஸுக்குப் பிறகு குடலில் மருந்து போகும் பாதை குறைந்துவிடுவதால், இத்தகைய மருந்து முழுதாக உடம்பில் சேரும் என்று சொல்ல முடியாது. மனநல மருத்துவர் முன்கூட்டியே சாதாரண மாத்திரைக்கு மாற்றி, அது ஒத்துப்போகிறதா என்று பார்த்தார். லித்தியம் என்ற மனநல மருந்தை எடுப்பவர்கள் இதில் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். சாப்பாடும் தண்ணீரும் திடீரென்று குறையும்போது ரத்தத்தில் அதன் அளவு ஆபத்தான எல்லைக்கு ஏறிவிடலாம். எந்த மருந்தானாலும், அறுவை வருகிறதே என்று நீங்களாக நிறுத்தாதீர்கள்.

மது பற்றியும் சைக்காலஜிஸ்ட் ஒளிவுமறைவில்லாமல் சொன்னார். பைபாஸுக்குப் பிறகு மது சீக்கிரம் ரத்தத்தில் ஏறும், சீக்கிரம் தலைக்கேறும். குடிப் பிரச்சினை அதிகமாகத் தலைகாட்டுவது முதல் வருடத்தில் இல்லையாம், இரண்டாவது வருடத்தில். எல்லோரும் பாராட்டி முடித்து, மருத்துவமனைக்குப் போவதும் குறைந்துவிட்ட நேரத்தில். எடை குறைந்த பிறகும் சிலருக்கு மனச்சோர்வு திரும்புகிறது, தற்கொலை எண்ணமும் வருகிறது, அப்படி வந்தால் ஒரு நாள்கூடக் காத்திருக்காமல் கூப்பிடுங்கள் என்று அக்காவையும் வைத்துக்கொண்டுதான் சொன்னார்.

மூன்று மாதம் முடிந்து புதிய ரிப்போர்ட் வந்தது. 'தகுதியானவர். நிபந்தனை: அறுவைக்குப் பின் 1, 3, 6, 12-ஆம் மாதங்களில் தொடர் சந்திப்பு.' ரிப்போர்ட் நேராக அறுவை மருத்துவரிடம் போய்விடும், நோயாளியிடம் தருவதில்லை என்றார்கள். எனக்குக் கையெழுத்தும் தேதியும் போட்ட ஒரு நகல் வேண்டும் என்று நின்றேன். சைக்காலஜிஸ்டிடமே நேரில் கேட்டேன், கொடுத்துவிட்டார்.

அப்புறம் எந்தத் தகவலும் இல்லை. ஒரு வாரம், பத்து நாள். பதினொன்றாவது நாள் நானே போன் செய்தேன். "உங்க ஃபைல்ல டிஃபர்னு இருக்கு" என்றார்கள், அதாவது தள்ளிவைப்பு. பழைய ரிப்போர்ட் மேலே இருந்திருக்கிறது. புதியதைப் பார்த்தவர், 'நிபந்தனை' என்ற வார்த்தையைக் கண்டு அதுவும் தள்ளிவைப்புதான் என்று கம்ப்யூட்டரில் ஏற்றிவிட்டார். எனக்கு ஒதுக்கியிருந்த தேதி வேறொருவருக்குப் போய்விட்டது. நகலோடு நேரில் போய், அந்த வரியை வாய்விட்டுப் படித்துக் காட்டினேன். மன்னிப்பு எதுவும் வரவில்லை. ஆனால் என் கண் முன்னால் பதிவைத் திருத்தினார்கள், புதிய தேதியை எழுதிக் கையில் கொடுத்தார்கள். அந்த நகல் இல்லாவிட்டால் இன்னும் எத்தனை நாள் ஓடியிருக்குமோ. நீங்களும் வாங்கிக்கொள்ளுங்கள். அந்த ரிப்போர்ட் எத்தனை மாதம் செல்லும் என்பதையும் முதல் நாளே கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்.

அறுவை நல்லபடியாக முடிந்தது. மூன்றாவது வாரத்தில், சாயங்காலமானால் காரணமில்லாமல் அழுகை வந்தது. சாப்பாட்டில் தேடிய ஆறுதல் இனிமேல் அங்கே இல்லை என்று உடம்புக்குத் தெரிந்துபோன மாதிரி இருந்தது. இந்த முறை மறைக்கவில்லை. மறுநாள் காலையே கூப்பிட்டேன், அந்த வாரத்திலேயே பார்த்தார்கள், மாத்திரை அளவைக் கொஞ்சம் கூட்டினார்கள். முதல் மாதச் சந்திப்பில் அதே பி.ஹெச்.கியூ-9 தாளைக் கொடுத்தார்கள். 11 வந்தது. நேற்று வீட்டில் நானே போட்டுப் பார்த்தேன், 6. மூன்றாம் மாதச் சந்திப்பு இன்னும் நான்கு வாரத்தில். அக்கா இப்போதே லீவு சொல்லி வைத்துவிட்டாள்.