ஐந்து பட்டன் மவுஸும் விக்கிமூல மெய்ப்புப் பணியும்: எனக்கு ஒத்துவந்த அமைப்பு

பழைய நூல்களை எழுத்தாக்கி இலவசமாகத் தரும் இணைய நூலகமான தமிழ் விக்கிமூலத்தில் நூல்களுக்கு மெய்ப்பு பார்ப்பவன் நான். ஒரு பக்கம் ஸ்கேன் செய்த படம், இன்னொரு பக்கம் ஓசிஆர், அதாவது படத்திலிருந்து எழுத்தைப் படித்தெடுக்கும் மென்பொருள், எடுத்துக் கொடுத்த எழுத்து, இரண்டையும் வரி வரியாக ஒப்பிட்டுத் திருத்த வேண்டும். வேலை பிடித்த வேலைதான், ஆனால் பக்கத்துக்குப் பக்கம் ஒரே அசைவுகள்: கிளிக், டிலீட், ஒரு துணைக்கால், மறுபடி கிளிக். வலது மணிக்கட்டு வலிக்க ஆரம்பித்த பிறகுதான் மவுஸின் பக்கவாட்டில் சும்மா கிடக்கும் இரண்டு பட்டன்களுக்கு ஏதாவது வேலை கொடுக்கலாமே என்று இறங்கினேன். விண்டோஸில் நான் செய்தது இது. இதே வேலையைச் செய்கிறவர்களுக்கு நேரடியாகப் பயன்படும், மற்றவர்கள் தங்கள் வேலைக்கு ஏற்றபடி மாற்றிக்கொள்ளலாம்.

முதலில் எதை மாற்ற முடியும், எதை முடியாது என்று தெரிந்துகொள்வது நல்லது. சாதாரணமாக விண்டோஸ் அறிந்த மவுஸ் பட்டன்கள் ஐந்துதான். இடது, வலது, நடுச்சக்கரம், அப்புறம் கட்டைவிரலுக்குப் பக்கத்தில் இருக்கும் நான்காவது, ஐந்தாவது. இந்த நான்கும் ஐந்தும்தான் பிரௌசரில் பின்னால், முன்னால் போகும் பட்டன்களாக வேலை செய்கின்றன. சில மவுஸ்களில் சக்கரத்தை இடமும் வலமும் சாய்க்கலாம், அது தனிச் செய்தியாக வரும், அதையும் பிடிக்கலாம். ஆனால் டிபிஐ (கர்சர் நகரும் வேகம்) மாற்றும் பட்டன் பெரும்பாலும் மவுஸுக்குள்ளேயே முடிந்துவிடுகிறது, விண்டோஸுக்கு அது அழுத்தப்பட்டதே தெரியாது. பன்னிரண்டு பட்டன் உள்ள விளையாட்டு மவுஸ் வாங்கிவிட்டு, பொதுவான மென்பொருளில் ஐந்துக்கு மேல் தெரியவில்லையே என்று தேடுவதற்குக் காரணம் இதுதான். அவற்றுக்கு அந்தக் கம்பெனியின் சொந்த மென்பொருள் வேண்டும்.

என் மவுஸுக்கும் அப்படி ஒரு சொந்த மென்பொருள் இருந்தது. கணக்குத் தொடங்கு என்றது, பின்னணியில் எப்போதும் ஓடியது, இரண்டு பட்டனை மாற்ற இவ்வளவு எதற்கு என்று நீக்கிவிட்டேன். அதற்குப் பதிலாக எடுத்தது எக்ஸ்-மவுஸ் பட்டன் கன்ட்ரோல். ஹைரெசொல்யூஷன் என்டர்பிரைசஸ் என்ற பெயரில் பல வருடங்களாக இலவசமாகக் கிடைக்கும் சின்ன மென்பொருள். தோற்றம் பழைய விண்டோஸ் காலத்துத் தோற்றம், ஆனால் உள்ளே விஷயம் நிறைய.

திறந்தால் இடது பக்கம் புரொஃபைல்கள் (எந்த மென்பொருளில் எந்தப் பட்டன் என்ன செய்ய வேண்டும் என்ற அமைப்புகள்), வலது பக்கம் ஒவ்வொரு பட்டனுக்கும் ஒரு பட்டியல். டிஃபால்ட் என்ற புரொஃபைல் எல்லாவற்றுக்கும் பொருந்தும். ஆட் கொடுத்து ஃபயர்ஃபாக்ஸ், பிடிஎஃப் பார்க்கும் மென்பொருள் என்று ஒவ்வொன்றுக்கும் தனிப் புரொஃபைல் வைக்கலாம். பட்டன் பட்டியலில் காப்பி, பேஸ்ட் போன்றவை தயாராகவே இருக்கும். அதில் இல்லாத வேலைக்கு சிமுலேட்டட் கீஸ் என்பதைத் தேர்ந்தெடுத்து எந்த விசைகள் போக வேண்டும் என்று எழுத வேண்டும். கன்ட்ரோல், விண்டோஸ் போன்ற விசைகளின் பெயரை நெளி அடைப்புக்குள் எழுத வேண்டும், சாதாரண எழுத்தை அப்படியே எழுதலாம். விசையை எப்போது அனுப்புவது என்றும் கேட்கும்: அழுத்தும்போதா, விடும்போதா, பிடித்திருக்கும் வரை திரும்பத் திரும்பவா. திருத்த வேலைக்கு அழுத்தும்போது ஒரே ஒரு முறை என்பதுதான் சரி. எல்லாம் முடித்ததும் அப்ளை அழுத்த வேண்டும், அதுவரை எதுவும் நடைமுறைக்கு வராது.

இனி எனக்கு அதிக நேரம் பிடித்த இடம். இந்தப் புரிதல் வந்த பிறகுதான் மற்றதெல்லாம் ஒழுங்காக அமைந்தது, அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

விக்கிமூலத்தின் திருத்தும் பக்கத்தில் படம் உள்ளேயே வரும், ஆனால் அதன் மேல் சக்கரத்தை உருட்டினால் படம் பெரிதாகிச் சிறிதாகிறது, எழுத்துப் பெட்டியின் மேல் உருட்டினால் எழுத்து நகர்கிறது. இரண்டும் ஒரே பிரௌசர் ஜன்னலுக்குள் இருப்பதால் புரொஃபைல் வைத்துப் பிரிக்க முடியாது. எனவே நூலின் பிடிஎஃப்பை இறக்கி, சுமத்ரா பிடிஎஃப் என்ற பிடிஎஃப் படிக்கும் மென்பொருளில் இடது பாதியில் திறந்து வைத்து, வலது பாதியில் ஃபயர்ஃபாக்ஸை வைத்தேன். சுமத்ராவுக்கு ஒரு புரொஃபைல், அதில் ஐந்தாவது பட்டனுக்கு அடுத்த பக்கம் போகும் 'என்' விசை. சுமத்ராவின் மேல் கர்சரை வைத்து அழுத்தினால் பக்கம் திரும்பவில்லை, ஃபயர்ஃபாக்ஸில் திருத்திக்கொண்டிருந்த வரிக்கு நடுவில் ஓர் 'என்' வந்து விழுந்தது.

காரணம் இதுதான். எந்தப் புரொஃபைல் என்பதை இந்த மென்பொருள் கர்சர் எந்த ஜன்னலின் மேல் நிற்கிறது என்று பார்த்து முடிவு செய்கிறது. ஆனால் அது அனுப்பும் விசை, நாம் கடைசியாகக் கிளிக் செய்து எழுதிக்கொண்டிருக்கும் ஜன்னலுக்குத்தான் போகும், கீபோர்டில் நாமே அழுத்தினாலும் அப்படித்தானே போகும். சக்கரம் அப்படி அல்ல, விண்டோஸ் 10 முதல் கர்சருக்கு அடியில் இருக்கும் ஜன்னலையே அது உருட்டும், அந்த ஜன்னலில் கிளிக் செய்திருக்கத் தேவையில்லை. அமைப்புகளில் மவுஸ் பகுதியில் இதற்கு ஒரு சுவிட்ச் இருக்கிறது, முதலில் அது ஆன் ஆகியிருக்கிறதா என்று பாருங்கள். ஆக, எழுதும் ஜன்னலை விட்டு நகராமல் பக்கத்து ஜன்னலில் ஏதாவது நடக்க வேண்டும் என்றால் அதற்குச் சக்கரம். எழுதும் ஜன்னலிலேயே நடக்க வேண்டும் என்றால் அதற்குப் பட்டன். இப்படிப் பிரித்துக்கொண்டதும் சுமத்ராவின் புரொஃபைலையே தூக்கிவிட்டேன். சக்கரத்தை உருட்டினாலே பக்கம் நகர்கிறது, எழுதும் கோடு ஃபயர்ஃபாக்ஸில் இருந்த இடத்திலேயே மினுங்கிக்கொண்டிருக்கிறது.

அடுத்தது துணைக்கால். பழைய அச்செழுத்தில் துணைக்காலும் ரகரமும் பார்வைக்கு ஒன்றுபோலவே இருக்கும், ஓசிஆர் 'காலம்' என்பதைக் 'கரலம்' என்று கொடுத்துவிடும். 1978இல் எழுத்துச் சீர்திருத்த அரசாணை வருவதற்கு முன் அச்சான நூல்கள் என்றால், பழைய வடிவ ணை, னை, றா, னா எல்லாம் இன்னொரு பக்கம் தொல்லை. ஆனால் எண்ணிக்கையில் அதிகம் கையைத் தேய்ப்பது இந்த ர-துணைக்கால் மாற்றம்தான். தேடி மாற்றும் வசதியை இதற்கு நம்பக் கூடாது, 'மரம்' என்ற சொல் 'மாம்' ஆகிவிடும். கண்ணால் பார்த்து ஒவ்வொன்றாகத்தான் மாற்ற வேண்டும், ஆனால் ஒவ்வொரு மாற்றமும் ஒரே அழுத்தலாக இருக்கலாம் இல்லையா?

இதற்கு ஆட்டோஹாட்கீ, ஒரு விசையை அழுத்தினால் நாம் எழுதிவைத்த வேலையைச் செய்யும் மென்பொருள். 2022 டிசம்பரில் இரண்டாம் பதிப்பு வந்துவிட்டது, இணையத்தில் கிடைக்கும் பல உதாரணங்கள் இன்னும் முதல் பதிப்பின் இலக்கணத்தில்தான் இருக்கின்றன, ஒன்றுக்கு எழுதியது மற்றதில் பெரும்பாலும் ஓடாது. புதிதாகத் தொடங்குகிறவர்கள் இரண்டாம் பதிப்பையே எடுத்து, உதாரணம் எந்தப் பதிப்புக்கானது என்று பார்த்துவிட்டே படியுங்கள். எனக்குத் தேவைப்பட்டது ஒரே வரி: டிலீட் அழுத்து, பிறகு துணைக்காலின் யூனிகோட் எழுத்தை அனுப்பு. துணைக்காலின் எண் யு+0பிபிஇ (U+0BBE). செண்ட் கட்டளையில் நெளி அடைப்புக்குள் இந்த எண்ணைக் கொடுத்தால், அப்போது எந்தக் கீபோர்டு ஆனில் இருந்தாலும், தமிழ்99 என்ற தமிழ் விசையமைப்பு ஆனாலும் ஆங்கிலம் ஆனாலும், துணைக்கால் வந்து உட்காரும். 'க'வுக்கும் தவறான 'ர'வுக்கும் நடுவில் கிளிக், நான்காவது பட்டன், முடிந்தது.

இந்த வரியை ஆட்டோஹாட்கீயில் நான்காவது பட்டனோடு நேரடியாகவே இணைக்கலாம். ஆனால் ஒரே பட்டனை இரண்டு மென்பொருளும் பிடிக்கப் போட்டி போடுவது எனக்குப் பிடிக்கவில்லை. நான் செய்தது வேறு. எக்ஸ்-மவுஸில் டிஃபால்ட் புரொஃபைலில் நான்காவது பட்டனுக்கு எஃப்13 விசையைக் கொடுத்தேன். விண்டோஸில் எஃப்24 வரை விசைகள் உண்டு, நம் கீபோர்டுகளில்தான் எஃப்12ஓடு நின்றுவிடுகிறது, அதனால் எஃப்13 வேறு எதனோடும் மோதாது. ஆட்டோஹாட்கீ அந்த எஃப்13ஐப் பிடித்து, எழுதிக்கொண்டிருக்கும் ஜன்னல் ஃபயர்ஃபாக்ஸா என்று ஹாட்இஃப் நிபந்தனையால் பார்க்கிறது. ஆம் என்றால் துணைக்கால் திருத்தம். இல்லை என்றால் ஆல்ட்டும் இடது அம்பும் அனுப்புகிறது, மற்ற இடங்களில் பின்னால் போகும் வேலை கெடாமல் இருக்கிறது. கர்சர் சுமத்ராவின் மேல் நின்றாலும் பட்டன் சரியாகவே வேலை செய்கிறது, ஏனென்றால் இங்கே முடிவெடுப்பது கர்சர் நிற்கும் இடம் அல்ல, எழுதும் ஜன்னல்.

இதில் இன்னொரு நன்மையும் உண்டு. திருத்திக்கொண்டிருக்கும்போது கட்டைவிரல் பட்டு பிரௌசர் முந்தைய பக்கத்துக்குப் போய்விடுகிற ஆபத்து இனி இல்லை.

ஐந்தாவது பட்டனுக்கு விசை எதுவும் கொடுக்கவில்லை. எக்ஸ்-மவுஸ் பட்டியலில், அழுத்திப் பிடித்திருக்கும் வரை கர்சரின் வேகத்தைக் குறைப்பது என்று ஒன்று இருக்கிறது. அது வந்த பிறகு என் கைக்குக் கிடைத்த நிம்மதி பட்டன் மாற்றங்கள் எல்லாவற்றையும் விடப் பெரிது. இரண்டு எழுத்துகளுக்கு நடுவே குறி வைப்பதற்காக மணிக்கட்டை இறுக்கிப் பிடிப்பதுதான் வலிக்கே மூலம் என்று நினைக்கிறேன். கர்சர் வேகமாகப் போக வேண்டிய இடத்துக்கு வேகமாகப் போய், எழுத்துக்குப் பக்கத்தில் வந்ததும் ஐந்தாவது பட்டனைப் பிடித்தால் தளர்ந்த கையாலேயே குறி வைக்க முடிகிறது.

கூடவே விண்டோஸின் பழைய மவுஸ் அமைப்பு ஜன்னலில் என்ஹான்ஸ் பாயின்டர் பிரிசிஷன் என்ற டிக்கை எடுத்துவிட்டேன். பெயரைப் பார்த்தால் துல்லியம் கூட்டும் போலத் தெரியும், செய்வது முடுக்கம்: கையை வேகமாக நகர்த்தினால் கர்சர் கூடுதல் தூரம் போகும், மெதுவாக நகர்த்தினால் குறைவாகப் போகும். சிலருக்கு அது பழகியிருக்கும். எனக்கு ஒரே அசைவுக்கு ஒரே தூரம் என்பதுதான் வசதி. டிக்கை எடுத்ததும் கொஞ்ச நாள் கை தடுமாறும், உடனே திருப்பி வைத்துவிடாதீர்கள்.

சக்கரத்தை இடப்பக்கம் சாய்த்தால் விண்டோஸ் விசையும் ஸ்பேஸும் போகும், அதாவது தமிழுக்கும் ஆங்கிலத்துக்கும் மாறுவது. விக்கி நிரல் குறிகளைப் போட அடிக்கடி ஆங்கிலத்துக்குப் போக வேண்டியிருப்பதால் இது நல்ல பயன். வலப்பக்கம் சாய்த்தால் அன்டூ. பக்கத்தைச் சேமிக்கும் ஆல்ட்-ஷிஃப்ட்-எஸ்ஸை மவுஸில் வைக்கவே இல்லை. சேமிப்பதற்கு முன் மெய்ப்பு பார்க்கப்பட்டது என்று மஞ்சள் நிலை கொடுக்கிறோம், அடுத்தவர் அதை நம்பித்தான் சரிபார்க்க வருவார், அந்த இடத்தில் இரண்டு கையும் கீபோர்டுக்கு வந்து ஒரு முறை மேலிருந்து கீழ்வரை படித்துவிட்டு அழுத்துவதுதான் முறை.

கர்சர் தொலைந்து போகும் தொல்லைக்கு மைக்ரோசாஃப்டின் இலவச பவர்டாய்ஸ். அதில் ஃபைன்ட் மை மவுஸை ஆன் செய்தால் இடது கன்ட்ரோலை இரண்டு முறை தட்டியதும் திரை இருண்டு கர்சர் இருக்கும் இடம் மட்டும் வெளிச்சமாகும். எழுதும் கோடு தெரியாமல் தேடுகிறவர்களுக்கு விண்டோஸின் அணுகல் வசதிகளில் டெக்ஸ்ட் கர்சர் இண்டிகேட்டர் என்று ஒன்று இருக்கிறது, கோட்டின் மேலும் கீழும் வண்ணக் குமிழ் வைக்கும்.

ஒரு நாள் டாஸ்க் மேனேஜரைத் திறந்தபோது பட்டன்கள் எதுவுமே வேலை செய்யவில்லை. கெட்டுப்போகவில்லை, அட்மினிஸ்ட்ரேட்டர் உரிமையோடு ஓடும் ஜன்னலுக்குள் சாதாரண உரிமையோடு ஓடும் மென்பொருள் கை வைக்கக் கூடாது என்பது விஸ்டா காலத்திலிருந்தே விண்டோஸின் பாதுகாப்பு விதி. எக்ஸ்-மவுஸையும் அட்மினிஸ்ட்ரேட்டராக ஓட்டினால் தீரும், ஆனால் என் வேலைக்கு அது தேவையில்லை என்று அப்படியே விட்டேன். அலுவலகக் கணினியில் செய்யப் போகிறவர்கள் முதலில் அங்கே அனுமதி கேளுங்கள், விசைகளைப் பிடிக்கும் மென்பொருள் என்பதால் சில இடங்களில் பாதுகாப்பு மென்பொருள் தடுத்துவிடும். இணைய விளையாட்டுகள் ஆடுகிறவர்கள் ஆட ஆரம்பிக்கும் முன் ஆட்டோஹாட்கீயை மூடிவிடுங்கள், சில விளையாட்டுகளின் ஏமாற்றுத் தடுப்பு அதைப் பிடிக்கும்.

எல்லாம் படிந்ததும் இரண்டு வேலை பாக்கி இருந்தது. ரன் பெட்டியில் ஷெல்:ஸ்டார்ட்அப் என்று ஆங்கிலத்தில் தட்டினால் ஒரு ஃபோல்டர் திறக்கும், ஆட்டோஹாட்கீ கோப்புக்கு ஒரு ஷார்ட்கட்டை அதில் போட்டேன், கணினி திறக்கும்போதே ஓட ஆரம்பித்துவிடும். எக்ஸ்-மவுஸின் புரொஃபைலை எக்ஸ்போர்ட் செய்து அந்தக் கோப்பையும் ஆட்டோஹாட்கீ கோப்பையும் ஒரே ஃபோல்டரில் வைத்திருக்கிறேன். மடிக்கணினிக்கு இரண்டையும் அப்படியே எடுத்துப் போனேன், சக்கரச் சாய்வு இல்லாத மவுஸ் அங்கே, அதனால் மொழி மாற்றம் மட்டும் நடுச்சக்கரக் கிளிக்குக்கு மாறியிருக்கிறது.