மல்லிக்கு 18 டிகிரி

மல்லி எங்கள் வீட்டுக்கு வந்து இந்தத் தையோடு ரெண்டு வருஷம். சென்னையில் இருந்த சித்தி மகன் வெளிநாடு கிளம்பும்போது, "அக்கா, கானாடுகாத்தான் வீட்டுச் செவரு கனம், உள்ள குளுகுளுன்னு இருக்கும். நீங்களே வச்சுக்கங்க" என்று ஒப்படைத்துவிட்டுப் போனான். வெள்ளை உடம்பு, கறுப்புக் கண், தலையின் இரு பக்கமும் மும்மூன்றாய் ரோஸ் நிறச் செவுள். ஆக்ஸலாட்டல் என்று பெயர்; தண்ணீரிலேயே வாழ்கிற ஒரு வகை சாலமாண்டர், தவளைக்குத் தூரத்துச் சொந்தம். அப்பத்தாவுக்கு அது வாயில் நுழையவில்லை. மல்லி என்று வைத்தது அவர்தான்.

அவன் சொன்னதில் பாதிதான் சரி. சித்திரையில் வெளியே 39 டிகிரி அடிக்கும்போது எங்கள் உள்ளறையில் 30. நமக்கு அது சொகுசு, மல்லிக்கு அது சாவு. அவள் இனத்தின் சொந்த ஊர் மெக்சிகோ நகரத்தை ஒட்டிய சோச்சிமில்கோ ஏரி. கடல் மட்டத்துக்கு மேலே 2,200 மீட்டர் உயரத்தில் இருக்கிற குளிர்ந்த தண்ணீர். 16 முதல் 18 டிகிரி வரை இருந்தால் நிம்மதியாக இருப்பாள். 24-ஐத் தாண்டினால் உடம்பு தாங்காது. அதனால் முதலில் வாங்கியது சில்லர், தொட்டித் தண்ணீரைக் குளிரவைக்கிற மெஷின். ஒரு மாசச் சம்பளம் அதற்கே போனது. அதை வாங்க முடியாதவர்கள் நம்ம பக்கத்தில் இந்த உயிரை வளர்க்க வேண்டாம் என்றே சொல்வேன். தண்ணீர் மேல் ஃபேன் வைத்தால் ரெண்டு மூன்று டிகிரி இறங்கும், அவ்வளவுதான்.

போன அக்னி நட்சத்திரத்தில் ஒரு ராத்திரி பத்து மணிக்குப் போன கரண்டு விடிகிறவரை வரவில்லை. ஃபிரிட்ஜில் உறைய வைத்திருந்த பாட்டில்களை மூடியோடு ஒவ்வொன்றாய்த் தொட்டியில் மிதக்கவிட்டேன். ஐஸை நேரே போடக் கூடாது, சட்டென்று குளிர்ந்தாலும் அவளுக்கு ஆகாது. மூன்று மணிக்குப் பாட்டில் தீர்ந்தது. டார்ச் அடித்துப் பார்த்தேன். தெர்மாமீட்டரில் 25. எப்போதும் பின்பக்கம் விரிந்து நிற்கும் செவுள்கள் முகத்தை நோக்கி முன்னால் வளைந்திருந்தன. வால் நுனி கொக்கி மாதிரி சுருண்டிருந்தது. இமை இல்லாத கண் என்பதால் உடனே டார்ச்சை அணைத்துவிட்டேன்.

அப்போதுதான் அப்பத்தா செப்புக் குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு வந்தார். ஐப்பசி மழையில் வளவில் பிடித்து வைத்த தண்ணீர். "தொட்டுப் பாரு ஆத்தா, சில்லுன்னு இருக்கு. இதை ஊத்து." சில்லென்றுதான் இருந்தது. ஆனால் செம்பு, பித்தளையில் நின்ற தண்ணீரில் செம்பு கொஞ்சம் இறங்கியிருக்கும். நமக்கு அது நல்லது என்று குடிக்கிறோம். தோலாலும் மூச்சு விடுகிற இந்த மாதிரி உயிருக்கு அது விஷம். போதாததற்கு மழைத் தண்ணீரில் உப்புச் சத்தும் இல்லை, இவளுக்குக் கொஞ்சம் கடினத் தண்ணீர்தான் ஒத்துக்கொள்ளும். வேண்டாம் என்று தடுத்தபோது அப்பத்தாவின் முகம் வாடிவிட்டது. அந்தக் குடத்துத் தண்ணீரை இந்த வீட்டில் யாரும் இதற்கு முன் வேண்டாம் என்று சொன்னதில்லை. காரணத்தைச் சொன்னேன். ஒன்றும் பேசாமல் போய் மண்பானைத் தண்ணீரைக் கொண்டுவந்தார். நம்ம கிணற்றுத் தண்ணீர், குளோரின் கிடையாது. அதைப் பிளாஸ்டிக் டப்பில் ஊற்றி மல்லியை மெதுவாக மாற்றினோம்.

ரெண்டாம் நாள் இடது செவுளில் பஞ்சு ஒட்டினாற்போல் வெள்ளையாகப் பூஞ்சை. இங்கே பக்கத்தில் இதைப் பார்க்கிற மருத்துவர் இல்லை. சென்னையில் ஒருவருக்குப் படம் அனுப்பினேன். லிட்டருக்கு ரெண்டு டீஸ்பூன் அயோடின் சேராத உப்பு, ஒரு தடவைக்குப் பத்து நிமிஷம், அதற்கு மேல் ஒரு நிமிஷமும் கூடாது என்றார். காலையும் மாலையும் அப்பத்தா கடிகாரத்தைப் பார்த்து நிமிஷம் சொல்ல, நான் டப்பைப் பிடித்துக்கொண்டேன். தினமும் தண்ணீர் முழுக்க மாற்றினேன். ஒரு வாரத்தில் பஞ்சு உதிர்ந்தது, அதோடு செவுள் இழைகளும் பாதி போயின. மொட்டையாக நின்ற அந்தக் காம்பைப் பார்க்க மனசு கேட்கவில்லை.

அந்த நாளிலிருந்து இன்வெர்ட்டர் சில்லருக்குத்தான் முதலில். வாரம் ஒரு முறை கால் பங்கு தண்ணீர் மாற்றி, டெஸ்ட் கிட்டில் அம்மோனியாவும் நைட்ரைட்டும் (அவள் கழிவிலிருந்து தண்ணீரில் சேரும் நஞ்சுகள்) பூஜ்யம் காட்டுகிறதா என்று பார்க்கிறேன். தொட்டித் தரையில் கூழாங்கல் கிடையாது. வாயைத் திறந்து உறிஞ்சித் தின்கிறவள், கல்லையும் விழுங்கிவிடுவாள், வயிறு அடைத்துக்கொள்ளும். சாப்பாடு மண்புழு. மருந்தடிக்காத வாழைத்தோட்டத்து மண்ணில் பிடித்து, கழுவி, ரெண்டு மூன்று நாளைக்கு ஒரு தடவை. உரக்குழிச் சிவப்புப் புழுவைப் போட்டால் துப்பிவிடுகிறாள், அதில் ஒரு கசப்பு இருக்கிறது.

இயற்கையில் இந்த இனம் அழிவின் விளிம்பில் நிற்கிறது. வீடுகளில் இருப்பவை தொட்டியிலேயே பிறந்து வளர்ந்தவை. வாங்குகிறவர்கள் மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகத்தின் பரிவேஷ் இணையதளத்தில் பதிவு செய்துவிடுங்கள், 2024-இல் விதி வந்துவிட்டது.

மல்லியின் இடது செவுள் இப்போது வளர்ந்துவிட்டது. முதலில் ஊசி முனை மாதிரி ஒரு சிவப்பு, பிறகு மயிரிழை, ஆடி முடியும்போது வலது பக்கத்துக்கு ஈடாக. அப்பத்தா தினம் காலையில் காபிக்கு முன்னால் தெர்மாமீட்டரைப் பார்த்து, நாள்காட்டித் தாளின் ஓரத்தில் பென்சிலால் எழுதிவைக்கிறார். கிழித்த தாள்களையும் எறியாமல் செப்புக் குடத்துக்குப் பக்கத்திலேயே அடுக்கியிருக்கிறார். நேற்றைய தாளில் 17.