நாவல்பழ நிறத்தைப் பொடியில் பூட்டுவது

ஜூன் வந்தால் பெங்களூரு பீண்யாவில் எங்கள் உணவு ஆய்வகத்தில் எல்லார் விரலும் ஊதாதான். நாவல்பழத் தோலுக்கு நிறம் தரும் ஆந்தோசயனின், ஃபிளேவனாய்டு என்ற தாவரச் சேர்ம வகையைச் சேர்ந்தது. அமிலத்தில் சிவப்பாக நிற்கும், பாலில் கலந்தால் மங்கிவிடும். வெப்பம், வெளிச்சம், ஆக்சிஜன் எதுவும் அதற்கு ஆகாது.

அதனால் நிறத்தைப் போர்த்திக் காக்க, சாற்றில் மால்டோடெக்ஸ்ட்ரினும் (மாவுச்சத்திலிருந்து எடுக்கும் பொடி) கம் அரபிக்கும் (வேல மரப் பிசின்) கலந்து, துளிகளைச் சூடான காற்றில் காயவைக்கும் ஸ்ப்ரே டிரையரில் தெளிக்கிறோம். உள்ளே போகும் காற்று 160 டிகிரி செல்சியஸ்! ஆனால் நீர் ஆவியாகும்போதே துளி குளிர்ந்துகொள்கிறது. நொடிகளில் காயும் பொடிக்கு அவ்வளவு சூடு ஏறுவதில்லை. மால்டோடெக்ஸ்ட்ரின் குறைந்தால் பழச் சர்க்கரை பிசுபிசுத்துச் சுவரில் அப்பிக்கொள்ளும். சுரண்டுவது என் தலையெழுத்து.

அப்புறம், பொடியில் ஈரம் படக் கூடாது. பெங்களூரு மழையில் பையைத் திறந்துபோட்டுவிட்டு டீ குடிக்கப் போகிறவர்களை என்ன சொல்வது?

"சுகர் குறையுமாடா?" என்கிறார் அம்மா. நிறத்துக்கு மட்டும்தான் நான் பொறுப்பு.