முசோலினியின் முகாம்கள்: வரலாற்றுத் தாளுக்கு நான் படித்த விதம்

முதுகலை வரலாற்றில் இருபதாம் நூற்றாண்டு ஐரோப்பா தாளுக்குப் படிக்கும் தம்பி தங்கைகள் பலர், பாசிச ஆட்சிகளின் தடுப்பு முகாம்கள் என்றதும் ஜெர்மானியரின் ஆஷ்விட்ஸ், டாக்காவ் முகாம்களோடு நிறுத்திக்கொள்கிறார்கள். ஜெர்மனியைப் படிக்காமல் முடியாது, சரி. ஆனால் பாசிசம் பிறந்ததே முசோலினியின் இத்தாலியில். அந்த நாட்டைப் பற்றி இரண்டு பக்கமாவது எழுதத் தெரிந்திருக்க வேண்டும்.

ஒரு முகாமின் பெயர் கண்ணில் பட்டதும் நான்கு விஷயங்களைக் குறித்துவைப்பேன்: அடைக்கப்பட்டவர்கள் யார், எந்த உத்தரவின் பேரில், காவல் யாருடையது, எந்தத் தேதியில். இத்தாலியைப் பொறுத்தவரை தேதிதான் உயிர்நாடி. 1943 செப்டம்பர் 8 அன்று நேச நாடுகளுடன் போர்நிறுத்தம் அறிவிக்கப்பட்டது. உடனே ஜெர்மானியப் படை நாட்டின் வடபகுதியையும் நடுப்பகுதியையும் பிடித்துக்கொண்டது. அந்தத் தேதிக்கு முன் நடந்ததையும் பின் நடந்ததையும் கலந்து எழுதினால் விடை குழம்பிவிடும்.

போருக்கு முந்தைய கதையைச் சுருக்கமாகத் தெரிந்துகொண்டால் போதும். 1926 பொதுப் பாதுகாப்புச் சட்டப்படி, நீதிமன்ற விசாரணை எதுவும் இல்லாமல், மாகாணக் குழுவின் முடிவிலேயே ஒருவரை ஐந்தாண்டு வரை தீவுக்கோ தொலைதூரக் கிராமத்துக்கோ அனுப்பலாம். இத்தாலியக் கம்யூனிஸ்ட் தலைவர் கிராம்ஷி கைதானதும் முதலில் உஸ்திகா தீவுக்குத்தான் அனுப்பப்பட்டார். அப்புறம் இத்தாலியின் காலனியாக இருந்த லிபியா. 1930 முதல் 1933 வரை, உமர் முக்தாரின் எதிர்ப்புப் போரை ஒடுக்க, கிழக்கு லிபியாவான சிரெனைக்காவின் மலைப்பகுதியிலிருந்து ஏறக்குறைய ஒரு லட்சம் பேரை ஆடுமாடுகளோடு கிளப்பி, முள்வேலி முகாம்களுக்கு நடத்திச் சென்றார்கள். பல்லாயிரம் பேர் பசியிலும் நோயிலும் மாண்டார்கள். முக்தாரை 1931 செப்டம்பர் 16 அன்று சொலுக் முகாமில், கைதிகளைக் கூட்டி நிறுத்தி அவர்கள் கண்ணெதிரே தூக்கிலிட்டார்கள். முகாம் முறையை ஹிட்லரிடமிருந்துதான் இத்தாலி கற்றது என்று எழுதத் தோன்றினால் இந்த ஆண்டுகளை நினைத்துக்கொள்ளுங்கள். ஹிட்லர் பதவிக்கு வந்ததே 1933 ஜனவரியில்தான்.

நான் அதிக நேரம் செலவிட்டது போர்க்கால முகாம்களுக்கு. ஒரே ஆட்சியில் இரண்டு வகை இருந்தன. உள்துறை அமைச்சகம் நடத்தியது ஒரு வகை, ராணுவம் நடத்தியது இன்னொன்று. இந்த வேறுபாடு பிடிபட்டுவிட்டால் பாதித் தாள் முடிந்த மாதிரி.

முதல் வகைக்கு ஃபெர்ரமொந்தி நல்ல எடுத்துக்காட்டு. தெற்கே கலாப்ரியாவில், மலேரியா பரவிய சதுப்பு நிலத்தில், இத்தாலி போரில் இறங்கிய 1940 ஜூனிலேயே திறக்கப்பட்டது. பெரும்பாலும் வெளிநாட்டு யூதர்கள். கொசுவும் பசியும் இருந்தன. ஆனாலும் உள்ளே பள்ளிக்கூடமும் தொழுகைக் கூடமும் நூலகமும் நடத்த விட்டார்கள். 1943 செப்டம்பரில் பிரிட்டிஷ் படை வந்து விடுவித்தது. தெற்கே இருந்ததால் தப்பித்த முகாம் அது.

இரண்டாவது வகை ராப் தீவு. இன்றைய குரோஷியாவில், அட்ரியாட்டிக் கடலில் இருக்கிறது. 1941-ல் யூகோஸ்லாவியாவைப் பங்குபோட்டபோது ஸ்லோவேனியாவின் ஒரு பகுதி இத்தாலிக்கு வந்தது. அங்கே கெரில்லாப் போர் மூண்டதும் 1942 பிப்ரவரியில் அதன் தலைநகரான லுப்லியானாவைச் சுற்றியே முள்வேலி போட்டார்கள். அடுத்த மாதம் அங்கிருந்த இத்தாலியப் படையின் தளபதி ஜெனரல் ரொவாத்தா சுற்றறிக்கை விடுத்தார். பல்லுக்குப் பல் அல்ல, பல்லுக்குத் தலை என்பது அதன் சாரம். கிராமங்களை எரித்துவிட்டு, அங்கிருந்த கிழவர்களையும் பெண்களையும் குழந்தைகளையும் ஜூலை முதல் ராப் தீவில் இறக்கினார்கள். தங்குவதற்குக் கிடைத்தவை பழைய ராணுவக் கூடாரங்கள். அக்டோபர் இறுதியில் ஒரு ராத்திரி பெருமழை வந்து கூடாரங்களை அடித்துச் சென்றது. குழந்தைகள் தண்ணீரில் போனார்கள். குளிர்காலம் முழுக்கப் பசிச்சாவு. இறந்தவர்கள் ஆயிரத்துக்கு மேல். கைதிகள் எலும்பும் தோலுமாக இருக்கிறார்கள் என்ற அறிக்கை அந்த டிசம்பரில் மேலே போனபோது, அவருக்குக் கீழிருந்த தளபதி ஜெனரல் கம்பாரா கைப்பட எழுதிய குறிப்பு இன்றும் இருக்கிறது: வதைமுகாம் என்றால் கொழுக்கவைக்கும் முகாம் அல்ல, நோயாளி என்றால் அமைதியாக இருப்பவன். இந்தக் குறிப்பை விடையில் சேருங்கள். பட்டினி நிர்வாகக் கோளாறாக வந்ததல்ல, மேலிடம் தெரிந்தே விட்டது என்பதற்கு இதைவிட நேரான சான்று வேண்டாம்.

அதே தீவில் 1943-ல் யூதர்களைத் தனிப்பகுதியில், கூரையுள்ள கட்டடங்களில், ஓரளவு நல்ல நிலையில் வைத்தார்கள். இதை மட்டும் படித்துவிட்டு இத்தாலியர் இரக்கமுள்ளவர்கள் என்று முடிவுகட்டும் எழுத்துகள் உண்டு. எனக்கு அது கோபமூட்டும். வேலிக்கு அந்தப் பக்கம் செத்த ஸ்லோவேனியக் குழந்தைகளைக் கணக்கில் எடுக்காத முடிவு அது.

செப்டம்பர் 8-க்குப் பிறகு, ஜெர்மானியர் பிடித்த வடபகுதியில் மூன்று முகாம்களின் பெயர்கள் போதும்: ஃபொசோலி, ட்ரியெஸ்தேயில் நெல் ஆலையாக இருந்து சுடுகாட்டு உலையோடு முகாமான சான் சப்பா, பொல்சானோ. ஃபொசோலியில் ஒன்றைக் கவனியுங்கள். யூதர்கள் அனைவரையும் கைதுசெய்யச் சொல்லி 1943 நவம்பர் 30 அன்று உத்தரவிட்டது, ஜெர்மானியர் துணையோடு வடக்கே முசோலினி நடத்திய அரசு. கைதுசெய்ததிலும் முகாமைக் காத்ததிலும் இத்தாலியப் போலீஸுக்குப் பங்கு உண்டு. இத்தாலிய யூத எழுத்தாளர் பிரிமோ லெவி 1944 பிப்ரவரியில் ஆஷ்விட்ஸுக்கு ரயில் ஏறியது இங்கிருந்துதான்.

சர்வதேசச் சட்டம் கேட்டால், 1929 ஜெனீவா ஒப்பந்தம் போர்க்கைதிகளைக் காத்தது, பிடிபட்ட குடிமக்களுக்கென்று தனி ஒப்பந்தம் 1949-ல்தான் வந்தது என்று எழுதுங்கள். தண்டனை பற்றிக் கேட்டால், இத்தாலிக்கென்று நாஜித் தலைவர்களை விசாரித்த நியூரம்பர்க் மாதிரி விசாரணை நடக்கவில்லை. போர்க்குற்றத்துக்காக ஒப்படைக்கும்படி யூகோஸ்லாவியா கேட்ட ரொவாத்தா 1945 மார்ச்சில் ரோம் மருத்துவமனையிலிருந்து தப்பி ஸ்பெயினுக்குப் போய்விட்டார். நேரம் மிச்சமிருந்தால் அந்த ஸ்பெயினையும் பாருங்கள். அதன் சர்வாதிகாரி பிராங்கோவின் மிராண்டா தே எப்ரோ முகாம் 1937-ல் திறந்து, உலகப்போர் முடிந்தும் மூடாமல் 1947 வரை இருந்தது.