சீட்டில் ஆபரேட்டர், சுவரில் செட்டர்

வேலையை விட்டுக் கிளம்பும் எங்கள் பையன் ஒருவனுக்குத் தரும் அனுபவச் சான்றிதழில் ‘சிஎன்சி ஆபரேட்டர்’ (கணினி வழியாக ஓடும் லேத்தை இயக்குபவர்) என்றுதான் போட முடியும் என்று எச்.ஆர். சொன்னதில் தப்பே இல்லை. வேலைக்குச் சேர்ந்தபோது கொடுத்த ஆர்டர் அப்படி, கடைசி மாதச் சம்பளச் சீட்டு வரை அப்படி. நானும் அதையேதான் அவனிடம் சொன்னேன். “ரெக்கார்டுல இல்லாததை எப்படித் தம்பி எழுதறது?”

அவன் சண்டை போடவில்லை. “ரெக்கார்டுல இல்லீங்களா சார்?” என்று மட்டும் கேட்டுவிட்டு, எனக்குப் பின்னால் இருந்த சுவரைப் பார்த்தான். அங்கே ஸ்கில் மேட்ரிக்ஸ் தொங்கிக்கொண்டிருந்தது.

ஷாப்பில் இருப்பவர்களுக்கு அதைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. ஒவ்வொருவர் பெயருக்கு நேராகவும் ஒவ்வொரு வேலைக்கும் ஒரு வட்டம், நாலு காலாகப் பிரித்தது. கால் வட்டம் கறுப்பானால் கற்றுக்கொண்டிருக்கிறார், அரை என்றால் ஆள் பக்கத்தில் நின்றால் செய்வார், முக்கால் என்றால் தனியாகச் செய்வார், முழு வட்டம் என்றால் அடுத்தவருக்குச் சொல்லித் தருவார். வாகன உதிரிபாகத் தொழிலின் தரச் சான்றான ஐஏடிஎஃப் 16949-க்கு ஆடிட்டர் வந்து, “இந்த வேலையைச் செய்கிறவருக்கு அது தெரியும் என்பதற்கு என்ன ஆதாரம்?” என்று கேட்டால் நாங்கள் இந்தச் சார்ட்டைத்தான் காட்டுவோம். அவன் பெயருக்கு நேரே டூல் செட்டிங், ஆஃப்செட் திருத்தம் (அளவு தப்பினால் மெஷினில் எண் கொடுத்து டூலின் இடத்தைச் சரிசெய்வது), முதல் பீஸ் சோதனை மூன்றிலும் முக்கால் வட்டம். ஸ்கெட்ச் பேனாவால் நிரப்பியது நான். கீழே கையெழுத்தும் என்னுடையதுதான்.

அவனுக்கு நான் ஒன்றும் செய்யவில்லை என்று யாரும் சொல்ல முடியாது. ஐடிஐ டர்னர் முடித்து அப்ரண்டிஸாக வந்தவன். 30 பேரோ அதற்கு மேலோ வேலை செய்தால் 1961ஆம் ஆண்டு அப்ரண்டிஸ் சட்டப்படி ஆள் எடுத்தே ஆக வேண்டும், உதவித்தொகையில் 25 சதவீதம், அதிகபட்சம் மாதம் 1,500 ரூபாய் வரை அரசும் தருகிறது என்பதால் பல இடங்களில் இந்தப் பையன்களை எடுத்து லோடிங் அன்லோடிங்கில் நிறுத்திவிடுவார்கள். கதவைத் திற, பீஸை மாட்டு, பட்டனை அமுக்கு, கழற்று. வருஷம் ஓடிவிடும். நான் அவனிடம் புரோகிராமைப் பூட்டும் சாவியைக் கொடுத்தேன். எங்கள் ஷாப்பில் அதைச் செட்டர், அதாவது டூலை மாட்டி மெஷினைத் தயார்செய்து அளவைச் சரிபார்ப்பவர், தவிர யாரும் தொட மாட்டார்கள். வெளிவிட்டம் 12 மைக்ரான், அதாவது 0.012 மில்லிமீட்டர், கூட வந்தால் மைனஸ் 0.012 அடிக்க வேண்டும். புள்ளி ஒரு இடம் தள்ளிப் போனால் பீஸ் ஸ்கிராப். பெரிய எண்ணாக விழுந்தால் டூல்களைத் தாங்கும் டரட் போய், பீஸைப் பிடித்திருக்கும் சக்கில் மோதும், அப்புறம் செலவு லட்சக் கணக்கில் பேசும். அவன் எண்ணை அடித்துவிட்டு, இன்புட் பட்டனை அமுக்குவதற்கு முன்னால் வாய்விட்டு ஒரு தடவை படிப்பான். “மைனஸ் பூஜ்யம் புள்ளி பூஜ்யம் ஒண்ணு ரெண்டு.” யாரும் சொல்லிக் கொடுத்த பழக்கம் இல்லை.

நான் லேத்தில் நின்ற காலத்தில் மூத்த டர்னர் டூல் தீட்டும்போது முதுகைக் காட்டிக்கொண்டு தீட்டுவார். கோணத்தை நாம் பார்த்துவிடக் கூடாதாம். அப்படி வளர்ந்தவனுக்கு, மறைக்காமல் கற்றுக் கொடுப்பதே பெரிய தர்மம் என்று ஒரு நினைப்பு இருந்தது. இப்போதும் பாதி இருக்கிறது. மீதிப் பாதிதான் தொந்தரவு செய்கிறது. அவன் வந்த சமயத்தில் எங்களுக்கு இரண்டாவது ஷிஃப்டில் செட்டர் கிடையாது. அவன் கற்றுக்கொண்ட பிறகு அந்தக் கவலை தீர்ந்தது. கற்றுக் கொடுத்தேனா, செட்டர் வேலையை ஆபரேட்டர் சம்பளத்தில் வாங்கிக்கொண்டேனா? இரண்டும்தான் என்று சொன்னால் கேட்க நன்றாக இருக்கிறது, ஆனால் கணக்கு நேராகவில்லை.

கிரேடு மாற்றிக் கொடுத்திருக்கலாமே என்பீர்கள். சம்பள ஒப்பந்தத்தில் கிரேடுகளுக்கு எண்ணிக்கை உண்டு. அவனுக்கு முன்னால் வரிசையில் நின்றவர்கள் குடும்பஸ்தர்கள். அவர்களைத் தாண்டி 23 வயதுப் பையனைத் தூக்கி உட்கார வைத்தால் அடுத்த நாள் ஷாப் எப்படி ஓடும் என்று எனக்குத் தெரியும். ஆனால் அவர்களில் யாரும் அந்தச் சாவியைக் கேட்டதில்லை என்பதும் எனக்குத் தெரியும்.

சான்றிதழில் ‘ஆபரேட்டர்’ என்பதைத் தொடாமல், கீழே ஒரு வரி சேர்த்தேன்: டூல் செட்டிங், ஆஃப்செட் திருத்தம், முதல் பீஸ் சோதனை ஆகியவற்றைத் தனியாகச் செய்தவர். எச்.ஆரிலிருந்து போன் வந்தது. “இதை எழுதிக் கொடுத்தா, நாளைக்கு வித்தியாசச் சம்பளம் கேட்டு வந்தா நீங்க பதில் சொல்வீங்களா?” அதுவும் நியாயம்தான். கடைசியில் அந்த வரி ‘இயந்திரத்தை இயக்குதலும் அது சார்ந்த பணிகளும்’ என்று வந்தது. கையெழுத்துப் போட்டேன். அவன் படித்துப் பார்த்து, மடித்து ஃபைலில் வைத்துக்கொண்டு, “வர்றேனுங்க சார்” என்று கிளம்பினான்.

ஓசூரில் வேலை கிடைத்துவிட்டது. மெஷின் முன்னால் நிறுத்தித்தான் சோதித்தார்களாம், சான்றிதழில் என்ன எழுதியிருக்கிறது என்று யாரும் பார்க்கவே இல்லை என்று போனில் சொன்னான். எனக்கு அப்பாடா என்றிருந்தது. பேச்சோடு பேச்சாக இன்னொன்றும் சொன்னான். செட்டராகத்தான் எடுத்தார்கள், ஆனால் சம்பளத்தை எங்கள் கடைசிச் சம்பளச் சீட்டைக் கேட்டு வாங்கி, அதிலிருந்து இத்தனை சதவீதம் கூட என்று போட்டார்களாம். அப்படியென்றால் அந்தச் சீட்டு அவனோடு எத்தனை கம்பெனி வரைக்கும் போகும்?

இளைஞர்களை வளர்ப்பது பற்றிப் பேசும் கூட்டங்களில் எல்லாரும் பயிற்சி, பயிற்சி என்கிறார்கள். பயிற்சி எங்களிடம் இருந்தது. ஆடிட்டருக்குக் காட்டுகிற தாளும் சம்பளச் சீட்டும் ஒன்றாக இருக்க வேண்டும் என்று ஒரு விதி போட்டால் போதும் என்று முதலில் நினைத்தேன். அப்புறம் யோசித்தால், அப்படி ஒரு விதி வந்தால் என்னைப் போன்ற ஆட்கள் வட்டத்தை நிரப்பவே மாட்டோம். அரையோடு நிறுத்திவிட்டு, சாவியைச் சட்டைப் பையில் வைத்துக்கொள்வோம்.

போன காலாண்டில் மேட்ரிக்ஸைத் திருத்தும்போது டிப்ளமோ முடித்த ஒரு பெண்ணின் முறை வந்தது. ஆஃப்செட்டில் அவள் முக்காலுக்குத் தகுதியானவள். ‘ஜூனியர் செட்டர்’ என்று நடுவில் ஒரு கிரேடு வேண்டும் என்று நான் எழுதிக் கொடுத்ததற்கு, அடுத்த ஒப்பந்தத்தில் பார்க்கலாம் என்று பதில் வந்திருந்தது. இருந்தாலும் முக்கால் நிரப்பினேன். அந்தப் பக்கத்தை நகலெடுத்து, மற்றவர்கள் பெயரை மறைத்து, தேதியும் கையெழுத்தும் போட்டு அவளிடம் கொடுத்துவிட்டேன். எச்.ஆருக்கு இன்னும் தெரியாது.