12 அடி ஒழுங்கையும் ஒரு பவுசரும்

யாழ்ப்பாணத்துக் கோண்டாவிலில் எங்கட ஒழுங்கை, அதாவது வீடுகளுக்குப் போற சின்னத் தெரு, காணி உறுதியின்படி 15 அடி அகலம். நிலத்தில் நாடா பிடித்தால் 12. மிச்சம் மூன்றடி எங்கே போனதென்று கேட்டால் இரண்டு பக்கத்து மதில்களும் பேசாமல் நிற்கும். கிடுகு வேலிக் காலத்தில் ஒவ்வொரு முறை வேலி அடைக்கும்போதும் கதியால் நாலு விரல் வெளியே தள்ளி ஊன்றப்படும். அது களவில்லை, பழக்கம். பிறகு வெளிநாட்டுக் காசு வந்தது, வேலி நின்ற இடத்திலேயே மதில் எழும்பியது. கதியாலைப் பிடுங்கலாம், மதிலை ஆர் பிடுங்குறது?

மாட்டு வண்டிக்கும் சைக்கிளுக்கும் போட்ட ஒழுங்கை இது. தொண்ணூறுகளில் பெற்றோல் தடைக்குள்ள மண்ணெண்ணெயில் இருமி இருமி ஓடின ஒஸ்ரின் கேம்பிரிட்ஜ் ஒன்றுதான் நான் சின்னனில் இங்கே கண்ட கார். இப்ப வீட்டுக்கொன்று. எல்லாம் ஒழுங்கையில்தான் நிற்குது. இடமில்லாமலா? இரண்டு பரப்பு, நாலு பரப்பு வளவுகள்! ஆனால் ஒரு வீட்டில் போர்ட்டிக்கோவுக்குள் நெல்லு மூட்டை. அடுத்த வீட்டில் மாமரத்துக்குக் கீழே விட்டால் காரில் பால் ஒழுகுமாம். அங்கால வீட்டு அக்கா முற்றத்துக்குக் கல்லுப் பதித்து இன்னும் ஆறு மாதமாகவில்லை, அதில் ரயர் படக்கூடாது. கல்லுப் பதித்ததே கார் விடத்தானாம்.

கார் ஒன்று நின்றால் ஆறடி போச்சு. மிச்ச ஆறடியில் ஓட்டோ போகும், மீன்காரர் போவார். தீயணைப்பு வண்டி மட்டும் எட்டடி அகலம். இதை ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார் சனசமூக நிலையக் கூட்டத்தில் கரும்பலகையில் போட்டே காட்டினார். எல்லாரும் தலையாட்டினார்கள். தேத்தண்ணி குடித்தார்கள். போய்த் தங்கட காரை முந்தி விட்ட இடத்திலேயே விட்டார்கள்.

1990 என்ற இலக்கத்துக்குப் போன் எடுத்தால் வருகிற அம்புலன்ஸ் வட மாகாணத்துக்கு 2018இல் வந்தது. காசில்லை. எங்களுக்கும் வந்தது, ஒழுங்கை முடக்கு வரைக்கும்தான். மூலைவீட்டு அம்மம்மாவுக்கு நெஞ்சுக்குள் ஏதோ செய்யுது என்று எடுத்த அன்று, முடக்கில் ஒரு கார், அதற்கு எதிரே சல்லிக் குவியல். நாலு பெடியள் அம்மம்மாவைப் பிளாஸ்ரிக் கதிரையில் வைத்துத் தூக்கிக்கொண்டு போனார்கள். அம்மம்மா லேசான ஆளில்லை. வழியெல்லாம் அவதான் கட்டளை: "இடப்பக்கம் பதியுது, தூக்கடா! உந்தக் கார் ஆற்ரை? அவன்ரை தேப்பனும் உப்பிடித்தான் வண்டிலைக் குறுக்கால விடுறவன்." அம்புலன்சில் ஏற்றி ஒட்சிசன் முகமூடியைப் போடப் போக, அதைக் கையால் விலக்கிவிட்டு, "கதிரையைக் கொண்டுபோய் வீட்டில குடுங்கோடா, செற்றில ஒண்டு குறையும்" என்றா. பிழைத்து வந்திட்டா. அதனாலேயே ஒழுங்கைக்கும் புத்தி வரவில்லை.

புத்தி வந்தது ஆவணியில், நல்லூர்த் திருவிழாவோடு. 25 நாளும் கோயிலைச் சுற்றி வீதி மறிப்பு. வெளிநாட்டுச் சனம் வானைப் பிடித்துக்கொண்டு வந்து சொந்தக்காரர் ஒழுங்கைகளில் விட்டிட்டு ஓட்டோவில் போய்விடும். அப்படி ஒரு கனடாக் குடும்பத்தின் வான் எங்கட முடக்கில் நின்றது. றைவரும் திருவிழாவுக்குப் போயிட்டார், திறப்பும் அவரோடை.

அதற்குச் சற்று முன்னர்தான் வாத்தியார் வீட்டுக்குக் கக்கூஸ் குழி இறைக்கிற பவுசர், அந்தத் தாங்கி லொறி, உள்ளே வந்திருந்தது. வரும்போது வழி இருந்தது. குழியை இறைத்து, வயிறு முட்டத் திரும்பி வந்தால் முன்னால் வான். பின்னுக்கு எடுக்கலாமென்றால் அதற்குள் பின்னாலும் ஒரு கார் வந்து நின்றிட்டுது. பவுசர் நின்ற இடம், முற்றத்துக்குக் கல்லுப் பதித்த அக்காவின் கேற்றடி. அன்றைக்கு அவவின் மகளைப் பெண் பார்க்க மாப்பிள்ளை வீட்டார் உள்ளே இருந்தார்கள். மத்தியான வெயில். பவுசரின் பின்வால்விலிருந்து சொட்டுச் சொட்டாக.

"அண்ணை, கொஞ்சம் அங்கால எடுங்கோவன்!"

"எங்காலை எடுக்க? எனக்கு அவசரமில்லை அக்கா, நாள்கூலிதான்" என்று றைவர் எஞ்சினை நிற்பாட்டிவிட்டு மதில் நிழலில் குந்தினார்.

கரும்பலகையால் முடியாதது பத்து நிமிசத்தில் முடிந்தது. நெல்லு மூட்டை உள்ளே போனது, கார் போர்ட்டிக்கோவுக்குள் ஏறியது. மாமரத்துக்குக் கீழே இன்னொன்று. பின்னால் நின்ற காரை மூக்கைப் பொத்திக்கொண்டு எடுத்தார் அதன் சொந்தக்காரர். அக்கா தானே கேற்றை விரியத் திறந்து, "முற்றத்துக்குள்ள ரிவேஸ் எடுத்துத் திருப்புங்கோ, இந்தப் பக்கத்தாலை போங்கோ" என்றா. புதுக்கல்லுக்கு மேலே பவுசர் ஏறித் திரும்பின சத்தத்தில் மாப்பிள்ளை வீட்டார் வெளியே வந்து பார்த்தார்கள். அவர்கள் மூக்கைப் பொத்தவில்லை, மரியாதையான சனம். பலகாரத்தை மட்டும் தொடவில்லையாம்.

அன்று பின்னேரமே அவசரக் கூட்டம். இனி ஒரு பக்கம்தான் வாகனம் விடுறது என்று ஏகமனதாகத் தீர்மானம். எந்தப் பக்கம் என்றதில்தான் தடங்கல். கிழக்குப் பக்கத்தார் மேற்கு என்றார்கள், மேற்குப் பக்கத்தார் கிழக்கு. இரவு ஒன்பது மணிக்கு அம்மம்மா அதே கதிரையிலிருந்து, "ஒருத்தரும் ஒருபக்கமும் விடாதேங்கோ, வளவுக்குள்ள விடுங்கோ" என்றா. எல்லாரும் ஓமெண்டார்கள்.

ஓமெண்டவர்களுக்கு மற்றவன் மேல் நம்பிக்கையில்லை. தன் மதிலடியில் வேறொருவன் விட்டுவிடுவானோ என்று ஆளாளுக்குப் பழைய பெயின்ற் வாளியில் கொங்கிறீற் ஊற்றி, நடுவில் கம்பி நட்டு, வெள்ளை சிவப்பு அடித்து வாசலில் வைத்தார்கள். கிழக்கில் ஒரு வரிசை, மேற்கில் ஒரு வரிசை, மதிலிலிருந்து இரண்டடி தள்ளி. ஒழுங்கையில் இப்ப ஒரு வாகனமும் இல்லை. 12 அடி எட்டாகிவிட்டது.

போன கிழமை வாத்தியார் திரும்பவும் பவுசருக்கு எடுத்தார். "கோண்டாவில் வாளி ஒழுங்கைதானே ஐயா? வாளியளை எடுத்துப்போட்டு அடியுங்கோ, வாறன்" என்று பவுசர்க்காரர் போனை வைத்திட்டாராம்.